ஒரே வார்ப்பு, ஒரே 18 காரட்: ஒரு கம்பி வளைகிறது, இன்னொன்று முறிகிறது, ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் மாமாவின் நகைப் பட்டறையில் வேலை பழகும் தம்பி ஒருவர் கேட்டது இது. வெள்ளி சேர்க்காமல் செம்பு மட்டும் போட்டு 18 காரட் சிவப்புத் தங்கம் உருக்கி, அந்த ஒரே வார்ப்பிலிருந்து இரண்டு காப்புக்குக் கம்பி இழுத்திருக்கிறார். முதல் காப்பைப் பற்றவைத்த கையோடு தண்ணீரில் போட்டார், அது சொன்னபடி வளைந்தது. இரண்டாவதைப் பற்றவைக்கும்போது யாரோ கூப்பிட, செங்கல் மேலேயே ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போனார், மறுநாள் எடுத்து வளைத்தால் சட்டென்று முறிந்துவிட்டது. செம்பில் ஈயம் கலந்திருக்கும் என்கிறார் மாமா. கலவை இரண்டிலும் ஒன்றுதானே, அப்புறம் எப்படி, அதோடு இதே கலவையை முலாமாகப் பூசினால் அதுவும் இப்படி உடையுமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் ஈயத்தைத் தள்ளிவைத்துவிடலாம். ஈயம் தங்கத்தைக் கெடுக்கும் என்பது உண்மை, கொஞ்சம் கலந்தாலே போதும், ஆனால் அது ஒரு துண்டை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்காது. ஒரே வார்ப்பு என்றால் தண்ணீரில் போட்ட காப்பும் வெடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மாறியது ஒன்றே ஒன்று: எவ்வளவு வேகமாக ஆறியது என்பது. அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 100 கிராம் 18 காரட்டில் 75 கிராம் தங்கம், 25 கிராம் செம்பு. எடையில் மூன்றுக்கு ஒன்று. ஆனால் தங்க அணு ஒன்றின் எடை 197 என்றால் செம்பு அணுவின் எடை 63.5 தான், அதனால் எண்ணிக்கையில் பார்த்தால் 100 அணுவில் ஏறக்குறைய 49 தங்கம், 51 செம்பு. அதாவது நீங்கள் தராசில் 18 காரட் என்று நிறுத்துப் போட்டது அணுக்கணக்கில் சரிபாதி. இது தற்செயலாக வந்து விழுந்த பொருத்தம், சிவப்புத் தங்கத்தின் தொல்லை முழுக்க இதிலிருந்துதான் தொடங்குகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது, 410 டிகிரிக்கு மேல், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இடங்கள் வரிசையாகத்தான் இருக்கின்றன, அதனால் இது படிகம்தான், ஆனால் எந்த இடத்தில் யார் என்பதற்கு விதி இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவான கனசதுரம், மென்மையானது, அடித்தால் விரியும், அச்சில் இழுத்தால் நீளும். 410க்குக் கீழே போனால் தங்கத்துக்குப் பக்கத்தில் செம்பு இருப்பதுதான் இருவருக்கும் வசதி. நேரம் கொடுத்தால் இடம் மாறி மாறி, ஒரு தட்டு முழுக்கத் தங்கம், அடுத்த தட்டு முழுக்கச் செம்பு, அதற்கடுத்து மறுபடியும் தங்கம் என்று அடுக்கிக்கொள்கிறார்கள். இப்படி அவரவருக்கென்று இடம் வகுத்து உட்காருவதைத்தான் ஒழுங்கு என்கிறோம். 385 டிகிரிக்குக் கீழே இந்த அடுக்குதான் நிலையான நிலை. 385க்கும் 410க்கும் நடுவில் இன்னொரு கட்டம் உண்டு (கட்டம் என்றால் அணுக்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு முறை), அங்கே இதே அடுக்குதான், ஆனால் ஐந்து கனசதுரத்துக்கு ஒருமுறை தங்கமும் செம்பும் முறைமாற்றி உட்காரும். பட்டறை வேலைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது, இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அடுக்கிக்கொண்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். தங்க அணு பெரிசு, செம்பு சிறிசு. தட்டுத் தட்டாக அடுக்கும்போது அந்த அடுக்கும் திசையில் படிகம் சுருங்கிவிடுகிறது, மற்ற இரண்டு பக்கத்தைவிட ஏழு சதவீதம் அளவுக்குக் குட்டையாகிறது. கனசதுரம் நசுங்கிய பெட்டியாகிறது. உலோகம் என்பது ஒட்டிக்கிடக்கும் சின்னச் சின்னப் படிகங்கள், அவற்றை மணி என்போம். ஒரே மணிக்குள்ளேயே ஒரு மூலை மேலிருந்து கீழாக நசுங்கும், இன்னொரு மூலை இடமிருந்து வலமாக நசுங்கும், யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்படி வெவ்வேறு திசையில் நசுங்கிய பகுதிகள் சந்திக்கும் இடமெல்லாம் இழுபறி. உலோகம் கெட்டியாகிறது, தண்ணீரில் போட்ட மென்மையான நிலையோடு ஒப்பிட்டால் கடினம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், வளைய வேண்டிய நேரத்தில் வளையாமல் மணிகளின் ஓரம் வழியாகப் பிளந்துகொள்கிறது. உங்கள் காப்பு முறிந்த வாயைப் பத்துமடங்குக் கண்ணாடியில் பாருங்கள். கம்பி இழுபட்டு மெலிந்து அறுந்திருக்காது, சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி மணிமணியாகப் பளபளக்கும்.

தண்ணீரில் போட்டதில் இது ஏன் நடக்கவில்லை? நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இடம் மாற அணுவுக்குச் சூடு வேண்டும், சூடு இருக்கும் சில நிமிடங்களைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டது. பந்தியில் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கும்போதே அப்படியே உறைந்துவிட்ட மாதிரி. இப்போது அந்தக் காப்பு இருப்பது அதன் நிலையான நிலை அல்ல, ஆனால் அறைச்சூட்டில் அணுக்களால் நகர முடியாததால் அப்படியே இருக்கும். அதையே 250, 300 டிகிரி அடுப்பில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டால் மறுபடியும் கெட்டியாகிவிடும். பல் மருத்துவத்துக்கான தங்க–செம்புக் கலவைகளில் இதை வேண்டுமென்றே செய்வார்கள்: மென்மையான நிலையில் வடிவம் கொடுத்துவிட்டு, பிறகு மிதமான சூட்டில் வைத்து இறுக்கிவிடுவார்கள், மெல்லும்போது தேயக்கூடாதே.

தெரிந்துகொள்ள வேண்டிய கைப்பக்குவம் ஒன்று இதில் இருக்கிறது. காய்ச்சியதும் சிவப்பு மறையட்டும், கொஞ்சம் கருத்த பிறகு தண்ணீரில் போடலாம் என்று பல பட்டறையில் சொல்லிக்கொடுப்பார்கள், சிவந்த சூட்டிலேயே போட்டால் கோணிக்கொள்ளும் என்று பயந்து. சரிதான், ஆனால் நிழலான இடத்தில் கண்ணுக்குச் சிவப்பு மறைவதே 500 டிகிரியை ஒட்டித்தான். அங்கிருந்து 410க்கு நூறு டிகிரிகூட இல்லை, மெல்லிய கம்பி அதைச் சில நொடிகளில் கடந்துவிடும். அதனால் சிவப்பு மறைந்த அந்த நொடியே தண்ணீருக்குள் போக வேண்டும். போன் எடுக்கப் போனால் காப்பு போச்சு. இது சிவப்புத் தங்கத்துக்கான விதி மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிக்கல் சேர்த்த வெள்ளைத் தங்கத்தை இப்படிச் சட்டென்று தண்ணீரில் போட்டால் வெடிக்கும், அதை ஆறவிடத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாமா இத்தனை வருஷமாகத் தாலியும் வளையலும் செய்தும் இது ஏன் அவர் கண்ணில் படவில்லை என்றால், அவர் கை பழகியது 22 காரட்டில். நம் ஊர் குரூகராண்ட் தங்க நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1967இல் வந்தது, தங்கமும் செம்பும் மட்டும்தான், மொத்த எடை 33.93 கிராமில் ஓர் அவுன்ஸ் தங்கம். அணுக்கணக்கில் 100க்கு 78 தங்கம். அந்த விகிதத்தில் அடுக்கிக்கொள்ள ஆசை இருந்தாலும் அதற்கான வெப்பநிலை மிகவும் கீழே இருக்கிறது, அங்கே அணுக்கள் நகருவதே இல்லை, அதனால் 22 காரட்டைத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான், மேசையில் ஆறவிட்டாலும் ஒன்றுதான். இங்கே கடைகளில் நிறைய ஓடும் 9 காரட்டிலும் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. நடுவில் 12 காரட்டை ஒட்டி மூன்று செம்புக்கு ஒரு தங்கம் என்ற விகிதம் வரும், அதுவும் 390 டிகிரியை ஒட்டி ஒழுங்குபடும், ஆனால் அங்கே தங்கம் மூலைகளிலும் செம்பு முகங்களிலும் உட்காருவதால் கனசதுரம் கனசதுரமாகவே இருக்கிறது, நசுங்குவதில்லை, அதனால் உடைப்பும் இல்லை. ஆக ஒழுங்கு வந்தாலே உடையும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, ஒழுங்கு வரும்போது வடிவம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். 18 காரட்டிலேயே செம்பில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு வெள்ளி போட்டால், வெள்ளி கூடக்கூட இந்தக் குணம் தணிந்துவிடும், நிறம் மட்டும் மஞ்சள் பக்கம் போகும்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதும் அழகான கதை. 1916இல் ரஷ்யாவில் குர்னகோவும் கூட்டாளிகளும் தங்க–செம்புக் கலவைகளின் மின்தடையை அளந்தபோது, சட்டென்று ஆற்றியதற்கும் மெதுவாக ஆற்றியதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதைக் கண்டார்கள். மெதுவாக ஆற்றியதில், அதுவும் ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதங்களில், தடை பள்ளத்தில் விழுந்த மாதிரி குறைந்திருந்தது. எலக்ட்ரானுக்கு ஒழுங்கான வரிசையில் ஓடுவது சுலபம் அல்லவா. 1925இல் ஸ்வீடனில் யோஹான்சனும் லிண்டேயும் எக்ஸ்ரே வைத்துப் பார்த்து, கலந்து உட்கார்ந்த நிலையில் இருக்கக்கூடாத புதுக் கோடுகள் படத்தில் விழுவதைக் காட்டினார்கள். அந்தக் கோடுகள்தான் இன்றுவரை ஒழுங்குக்குச் சாட்சி.

முலாம் பூசும் எங்கள் வேலையில் தினமும் பார்க்கும் பித்தளையிலும் இதே ஒழுங்கு இருக்கிறது, ஆனால் குணம் நேர்மாறு. துத்தநாகம் 35 சதவீதம் வரை இருந்தால் செம்பின் படிகத்திலேயே கரைந்து கிடக்கும், சூடாக்காமலே அடித்து வளைக்கலாம். 40ஐத் தாண்டிப் பாதிக்குப் பக்கத்தில் போனால் பீட்டா என்ற வேறு கட்டம், அது 460 டிகிரியை ஒட்டி ஒழுங்குபடுகிறது, அதுவும் கண்மூடித் திறக்கும் முன். எவ்வளவு வேகமாகத் தண்ணீரில் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. தங்க–செம்பில் உங்களுக்குக் கிடைத்த தப்பிக்கும் வழி இங்கே கிடையாது. அதனால்தான் 60க்கு 40 பித்தளையைச் சூட்டிலேயே அடித்து வேலை முடிக்கிறார்கள்.

உங்களைத் தொல்லைப்படுத்திய இதே விஷயத்தை வைத்து நம் நாட்டிலேயே நகை செய்தார்கள் தெரியுமா? ரேண்ட்பர்க்கில் இருக்கும் மின்டெக் ஆய்வு நிறுவனத்தில் 1990களில் ஸ்பான்கோல்ட் என்று ஒரு 18 காரட் கலவையைக் கொண்டுவந்தார்கள். தங்கம் 76, செம்பு 19, அலுமினியம் 5 சதவீதம். இதில் அணுக்கள் முதலிலேயே ஒழுங்காக உட்கார்ந்துவிடும், அப்புறம் குளிர்விக்கும்போது யாரும் எழுந்து இடம் மாறாமல் வரிசை வரிசையாக மொத்தமாகச் சாய்கிறார்கள். முதலில் கண்ணாடி மாதிரி மெருகு போட்டுவிட்டுப் பிறகு குளிர வைத்தால், மேல்பரப்பு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகடுகளாகச் சாய்ந்து, கையைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாக மின்னும். கல் பதிக்காமலே கல் பதித்த ஜொலிப்பு. மெருகு தேய்த்து அழித்துவிட்டால்கூட மறுபடி சூடாக்கிக் குளிரவைத்து வரவழைக்கலாம். எனக்கு இது உலோகவியலில் மிகவும் பிடித்த சங்கதிகளில் ஒன்று, கடைகளில் இது பரவலாக வராமல் போனது எனக்கு வருத்தம்தான்.

சரி, முலாமுக்கு வருவோம், முப்பது வருஷமாக டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் முலாம் தொட்டிகளோடு கிடப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

உருக்கி ஆற்றும்போது அணுக்களுக்குச் சூடும் நேரமும் கிடைக்கிறது. முலாம் தொட்டியின் சூடு 50, 60 டிகிரி. கரைசலிலிருந்து வரும் அணு மேல்பரப்பில் விழுகிறது, கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்து இடம் தேடுகிறது, அதற்குள் அடுத்த அணு வந்து தலைமேல் உட்கார்ந்துவிடுகிறது. நிக்கலில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் ஓட்டினால் மணிக்கு 12 மைக்ரான் ஏறும். மெதுவாகத் தெரிகிறது அல்லவா? அணு அடுக்கில் கணக்குப் பார்த்தால் வினாடிக்குப் பதினைந்துக்கும் மேல். நாங்கள் ஓட்டுவது மூன்று நான்கு ஆம்பியரில். பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்ப்பதற்குள் மேலே ஐம்பது பந்தி ஏறிவிடுகிறது. புதைந்த அணு பிறகு அந்தச் சூட்டில் நகராது. ஆகவே விழுந்த நொடியில் என்ன கிடைத்ததோ அதுதான் கட்டம்.

அதனால் தங்க–செம்பு முலாம் தொட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஒழுங்கில்லாத நிலையில்தான் வரும். உங்கள் கேள்விக்கு நேரடி பதில்: தண்ணீரில் போட்ட காப்பைப் போலத்தான், மேசையில் ஆறியதைப் போல அல்ல. அதற்காக அது மென்மையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முலாமில் மணிகள் மிகவும் நுண்ணியவை, ஹைட்ரஜனும் தொட்டியில் போட்ட சேர்க்கைகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும், உள் இழுவிசை இருக்கும், அதனால் கெட்டியாகவே இருக்கும், தடிமனாக ஏற்றினால் ஒழுங்கு எதுவும் இல்லாமலே வெடிக்கவும் வெடிக்கும். அதைக் கொண்டுபோய் 300 டிகிரியில் வைத்தால் ஒழுங்கும் வரும், ஒரு மைக்ரான் இரண்டு மைக்ரான் படலத்தில் அடியிலிருக்கும் பித்தளையிலிருந்து செம்பும் துத்தநாகமும் மேலே ஏறவும் தொடங்கும், நீங்கள் பூசிய கலவையே மாறிவிடும். முலாம் போட்ட நகையைச் சூடாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் முலாம் என்றாலே ஒழுங்கில்லாதது என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கேதான் படித்தவர்களும் தவறுகிறார்கள். மேல்பரப்பில் அணு நகருவது உள்ளே நகருவதைவிடப் பலமடங்கு சுலபம், அதனால் சில ஜோடிகள் விழும் நொடியிலேயே தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். துத்தநாக–நிக்கல் முலாமைப் பாருங்கள், நிக்கல் 12இலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் காமா என்ற ஒரே கட்டமாக, 5 நிக்கலுக்கு 21 துத்தநாகம் என்ற சிக்கலான கட்டமைப்போடு, நேராகத் தொட்டியிலிருந்தே வருகிறது. துருவுக்கு அதுதான் நன்றாகத் தாங்கும். டர்பன் கடற்காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், பக்கி (பிக்கப்) வண்டியின் அடிப்பாகம் நாலு வருஷத்தில் என்னவாகிறது என்று பார்த்திருப்பீர்கள், வண்டிக் கம்பெனிகள் இந்த முலாமை விடாப்பிடியாகக் கேட்பது அதனால்தான். நிக்கல் பத்துக்குக் கீழே இறங்கினால் சாதா துத்தநாகக் கட்டமும் காமாவும் கலந்து வரும், தாங்கும் காலமும் குறையும்.

இன்னும் ஆச்சரியமானது வெள்ளீய–நிக்கல். எடையில் வெள்ளீயம் 65, நிக்கல் 35, அணுக்கணக்கில் ஒன்றுக்கு ஒன்று, லேசான ரோஜா நிறச் சாயலோடு வரும் கெட்டியான முலாம். எந்த விகிதத்தில், எந்தச் சூட்டில் எந்தக் கட்டம் என்று காட்டும் கட்ட வரைபடத்தில் இதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இரண்டையும் உருக்கிக் கலந்து எவ்வளவு பக்குவமாக ஆற்றினாலும் இது வராது. முலாம் தொட்டியில் மட்டும் பிறக்கிறது, 300 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் வரைபடத்தில் இருக்கும் வேறு இரண்டு சேர்மங்களாகப் பிரிந்துவிடுகிறது, மறுபடி வராது. கட்ட வரைபடம் சொல்வது நிலையான நிலையை. முலாம் அந்த நிலைக்குக் கட்டுப்பட்டதல்ல. வரைபடத்தைப் பார்த்து முலாமில் இன்ன கட்டம்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் எக்ஸ்ரே படத்தைக் கேளுங்கள். அதிலும் கவனம் வேண்டும், முலாமின் மணி நுண்ணியது என்பதால் கோடுகள் அகலமாகப் பரவிக் கிடக்கும், ஒழுங்கைக் காட்டும் மெல்லிய கோடு அந்தப் பரவலில் காணாமல் போய்விடலாம்.

நானே இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்கிறேன். மின்சாரமே இல்லாமல் ரசாயனத்தால் ஏறும் நிக்கல்–பாஸ்பரஸ் பூச்சு ஒன்று உண்டு, பிரென்னரும் ரிடெல்லும் 1946இல் வெளியிட்டது. பாஸ்பரஸ் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் படிகமே இருக்காது, கண்ணாடி மாதிரி உருவற்ற கட்டம். பித்தளைத் தகட்டில் இதைப் பூசிக் காந்தத்தை வையுங்கள், ஒட்டாது. அதே தகட்டை 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஆறியதும் வையுங்கள், ஒட்டும். உள்ளே நிக்கல் படிகமும் மூன்று நிக்கலுக்கு ஒரு பாஸ்பரஸ் என்ற சேர்மமும் பிரிந்துவிட்டன, கடினம், விக்கர்ஸ் என்ற அளவுகோலில், 500இலிருந்து ஆயிரத்தை ஒட்டி ஏறிவிட்டது. பட்டறையில் ஒரு ரூபாய் செலவில்லாமல் கட்டம் மாறியதைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சோதனை இது, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

வேலைக்கு வந்த புதிதில் கடல்நீர் பம்புத் தண்டு ஒன்றுக்கு இந்தப் பூச்சுப் போட்டோம். கெட்டியாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், நானும் 400இல் வைத்து, கடினம் அளந்து, பெருமையாக அனுப்பிவிட்டேன். சில மாதத்தில் தண்டு திரும்பி வந்தது. பூச்சு முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்பிலும் துரு கசிந்திருந்தது, நகத்தால் வருடினால் வரி தட்டுப்பட்டது. படிகமாகும்போது பூச்சு சுருங்குகிறது, சுருங்கினால் வெடிக்கிறது, உருவற்ற நிலையில் மணியோரமே இல்லாமல் கடல்நீரைத் தடுத்துக்கொண்டிருந்த குணமும் போய்விடுகிறது. அந்தத் தண்டுக்கு வேண்டியது கடினம் இல்லை, அந்த உருவற்ற கட்டம். ஹைட்ரஜனை வெளியேற்ற 200 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைத்திருந்தால் போதும், கட்டம் கெட்டிருக்காது. இன்றைக்கும் அடுப்பு வெப்பநிலையைக் குறிக்கும்போது அந்தத் தண்டு நினைவுக்கு வரும்.

நேர்மாறான தேவையும் உண்டு. இரும்பு–பிளாட்டினம் ஒன்றுக்கு ஒன்று முலாம் தொட்டியிலிருந்து ஒழுங்கில்லாமல் வரும், காந்தமாக உதவாது. 500, 600 டிகிரியில் வைத்தால் உங்கள் காப்பில் நடந்த அதே தட்டு அடுக்கு இதிலும் வருகிறது, அதே நசுங்கல், ஆனால் இங்கே அந்த நசுங்கிய திசைதான் காந்தத்தைப் பிடித்துவைக்கிறது, மிக வலுவான நிலைக்காந்தம் ஆகிவிடுகிறது. ரஸ்டன்பர்க்கில் தோண்டி எடுக்கும் பிளாட்டினத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

இனி உங்கள் முறிந்த காப்பு. தூக்கிப் போட வேண்டாம், உருக்கவும் வேண்டாம். ஒரு துண்டை எடுத்து, வெங்காரம் தடவி, மங்கலான சிவப்பு வரும்வரை, 600, 650 டிகிரி இருக்கும், சீராகச் சூடாக்கி இரண்டு நிமிடம் வைத்து, சிவப்பு மறையும் நொடியில் தண்ணீரில் போடுங்கள். பிறகு குறட்டில் பிடித்து வளையுங்கள். வளைந்தால் அது ஒழுங்கின் வேலை, மீதியையும் அப்படியே காய்ச்சிப் பயன்படுத்தலாம், முறிந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பற்றவைத்துக்கொள்ளலாம். அப்படியும் வெடித்தால் நான் தள்ளிவைத்த ஈயத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும், சுத்திகரிக்க அனுப்புங்கள். இரண்டு துண்டாகச் செய்யுங்கள், ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றைச் செங்கல் மேலும் விடுங்கள், மாமாவின் கையில் இரண்டையும் கொடுத்து அவரையே வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.